இசட் இருந்த இடம்

5 ஜூலை 2004, திங்கள்

காலை ஆறே காலுக்கு நாசிக் பாட்டா சந்திப்பில் கம்பெனி பஸ். நல்ல மழை. ஸ்நேஹாவுக்கு டப்பா கட்டி வைத்துவிட்டு வந்தேன். தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவது இன்று இவர் பொறுப்பு. எப்படிப் பின்னினாரோ.

ரஞ்சன்காவ் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். கசார்வாடிப் பட்டறையில் பாட்கர் சாரிடம் நான்கு வருடமாக டிராயிங் போடுகிறேன். இப்படி வெளியில் அனுப்புவது இதுதான் முதல் தடவை. இந்த ஜெர்மன் கம்பெனி ஃபிக்சர் ஆர்டர் கொடுத்திருக்கிறது. நான்கு மாதம் அவர்கள் ஆபீஸிலேயே உட்கார்ந்து வரைந்து தர வேண்டுமாம். “ஃபிக்சர்னா என்னம்மா?” என்று நேற்று ஸ்நேஹா கேட்டாள். உதிரி பாகத்தை ஆடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் இரும்புத் தட்டு என்றேன். “அவ்வளவுதானா?” என்றாள். அவ்வளவுதான்.

எனக்குக் கொடுத்த மேஜை, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு ஜெர்மன் எஞ்சினீயருடையது. மவுஸ் இடது பக்கம் கிடந்தது. எடுத்து வலது பக்கம் வைத்தேன். ஒரு கோட்டைத் தொட்டு அழுத்தினால் பட்டியல் ஒன்று விழுகிறது. மறுபடி அழுத்தினால் மறுபடி பட்டியல். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று எழுந்திருக்கப் போனேன். அப்புறம் தோன்றியது, வலது பொத்தானை அழுத்திப் பார்த்தால்? கோடு வந்தது. அவர் இடது கைக்காரர்! ஆள்காட்டி விரல் விழும் இடம் மாறுவதால் பொத்தான்களையும் மாற்றி வைத்திருக்கிறார்.

உடனே சரிசெய்யவில்லை. மவுஸைத் திரும்ப இடது பக்கமே வைத்து அரை மணி நேரம் இடது கையால் வரைந்து பார்த்தேன். பார்த்தேயிராத ஒரு மனிதரின் கையை இரவல் வாங்கியது போலிருந்தது. வட்டம் எல்லாம் எங்கெங்கோ போய் விழுந்தது.

பக்கத்து மேஜைப் பெண் பார்த்துச் சிரித்துவிட்டு மாற்றிக் கொடுத்தாள். பெயர் தேஜஸ்வினி. தமிழ்ப் பெண், பிறந்து வளர்ந்தது எல்லாம் புனேயில். “அக்கா, நான் தமிழ் பேசறது... கொஞ்சம் தோடா தோடா. நீங்க சிரிக்கக் கூடாது” என்றாள்.

6 ஜூலை

படத்தைப் பெரிதாக்க இசட் தட்டி என்டர் தட்டுவேன். நான்கு வருடப் பழக்கம். இன்று தட்டினால் ‘ஒய் என்று ஒரு கட்டளை கிடையாது’ என்கிறது. நான் எங்கே ஒய் தட்டினேன்?

குனிந்து பார்த்தேன். இசட் இருக்க வேண்டிய இடத்தில் ஒய். ஒய் இருக்கும் இடத்தில் இசட். ஜெர்மன் கீபோர்டு. கன்ட்ரோல் மேல் எஸ்-டி-ஆர்-ஜி என்று எழுதியிருக்கிறது. அழிக்கும் கட்டைக்கு வேறு பெயர். சில எழுத்துகளின் தலையில் இரண்டு பொட்டு.

ஏன் மாற்றினார்கள்? தேஜஸ்வினிக்குத் தெரியவில்லை. அவர்கள் மொழியில் இசட் அதிகம் வருமாம், ஒய் எப்போதாவதுதானாம். அதனால் இசட்டுக்கு நடுவில் நல்ல இடம் என்று மேலாளர் சொன்னார். அப்படியென்றால் தமிழுக்கென்று ஒருவர் உட்கார்ந்து அடுக்கினால் நடுவில் எது வரும்? பஸ்ஸில் வரும்போது முழுக்க இதையே யோசித்தேன். வாகோலி தாண்டியது தெரியவில்லை.

7 ஜூலை

பாட்கர் சாருக்கு மெயில் அனுப்பினேன். வெள்ளிக்கிழமைக்குள் முடியும் என்று ஆங்கிலத்தில். ‘ஃப்ரைடே’யின் வால் இசட்டாகிப் போயிருந்தது. அனுப்பின பிறகுதான் பார்த்தேன்.

9 ஜூலை

வழி கிடைத்துவிட்டது. திரையின் கீழே வலது மூலையில் சின்னதாக டி-ஈ என்று ஒரு பெட்டி. அதைத் தொட்டு ஈ-என் ஆக்கினால் எழுத்துகள் நம் பழக்கத்துக்கு வந்துவிடுகின்றன. கட்டையில் அச்சிட்டிருப்பது மட்டும் பொய்யாகிவிடும். பரவாயில்லை, நான் கட்டையைப் பார்த்தா தட்டுகிறேன்? தினமும் காலையில் புரோகிராமைத் திறந்ததும் முதல் வேலை இது.

14 ஜூலை

இந்த மவுஸில் நடுவே சக்கரம் இருக்கிறது. பட்டறை மவுஸில் கிடையாது. சக்கரத்தை முன்னால் தள்ளினால் படம் பெரிதாகிறது, பின்னால் இழுத்தால் சிறிதாகிறது. இனி இசட்டும் வேண்டாம் என்டரும் வேண்டாம். இரண்டே நாளில் விரல் பழகிவிட்டது.

தேஜஸ்வினி வேறு ஒரு புரோகிராமில் வரைகிறாள். அதில் எல்லாம் தலைகீழ். முன்னால் தள்ளினால் சிறிதாகிறது! அதே மவுஸ், அதே சக்கரம். எது சரி என்று சாப்பாட்டு நேரம் முழுக்க வாதம்.

“அக்கா, நீங்க தள்ளறீங்க. தள்ளினா சாமான் தூரமாப் போகும். தூரமாப் போனா சின்னதாத் தெரியும். சிம்பிள்.”

“நான் எங்கே சாமானைத் தள்ளறேன்? நான்தான் கிட்டப் போறேன்” என்றேன்.

இரண்டும் சரியாகத்தான் படுகிறது. உலகம் நகர்கிறதா, நாம் நகர்கிறோமா என்பதை அந்தந்தப் புரோகிராம் எழுதியவன் தீர்மானித்திருக்கிறான். நம் விரல் அவனுக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது.

24 ஜூலை, சனி

கசார்வாடிக்குப் போயிருந்தேன். பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் விரல் இல்லாத சக்கரத்தை உருட்டுகிறது. வெறும் பிளாஸ்டிக்கைத் தடவிக்கொண்டிருந்தேன். மவுஸ் உருண்டையில் அழுக்கு ஏறி அம்பு குதிக்கிறது.

மில்லிங் மெஷினில் இரும்பு வெட்டும் கிட்டு அண்ணன் பார்த்துவிட்டார். ஏரவாடாக்காரர், இங்கேயே பிறந்தவர், பத்தொன்பது வருடமாக இந்தப் பட்டறையில்.

“அரே மேடம், மூணு வாரத்துல பெரிய கம்பெனி ஆளு ஆயிட்டீங்க. நம்ம மவுஸ மறந்துட்டீங்க!”

உருண்டையை வெளியே எடுத்து, மெஷின் துடைக்கும் துணியாலேயே துடைத்துக் கொடுத்தார். அதற்குப் பின் மவுஸில் எண்ணெய் வாசனை.

4 ஆகஸ்ட்

தேஜஸ்வினிக்கு லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள். மவுஸே இல்லாமல் விரல் நுனியால் ஒரு சின்னச் சதுரத்தைத் தடவுகிறாள். இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கிறது. நான் தடவினால் அம்பு ஓரத்தில் போய் ஒளிந்துகொள்கிறது. விரலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டுமாம், கோலமாவைக் கிள்ளுவது போல. இதை அவளிடம் சொன்னேன். கோலமாவு என்றால் என்ன என்றாள். ரங்கோலி என்றதும் புரிந்தது.

கிளம்பும்போது ரகசியமாகச் சொன்னாள்: “மேனேஜர் கேட்டாரு, வனஜா இங்கயே பர்மனென்ட் வருவாங்களான்னு. அக்டோபர்ல. நான் ஹாங் சொல்லிட்டேன், ஓகேவா?”

வீட்டில் சொன்னேன். இவர் எழுந்து போய் ஜிலேபி வாங்கி வந்தார். இன்னும் ஒன்றும் உறுதியாகவில்லையே என்றால் கேட்கவில்லை.

17 ஆகஸ்ட், செவ்வாய்

பெரிய தட்டு முடிந்தது. தொள்ளாயிரம் மில்லிமீட்டர் நீளம், உதிரி பாகத்தை நிறுத்தும் ஊசிகளுக்கு இரண்டு துளைகள். காலையில் காகிதப் பிரதி எடுத்து மேலாளரிடம் கையெழுத்து வாங்கினேன். மதியம் புரோகிராம் தானாக மூடிக்கொண்டது, மறுபடி திறந்தேன். சும்மா இருக்காமல் இரண்டாவது துளையை மூன்று மில்லி தள்ளிப் பார்த்தேன், அமுக்கிப் பிடிக்கும் கிளாம்புக்குக் கொஞ்சம் இடம் கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. பழையபடி ஆக்கி, சேமித்து, பட்டறைக்கு அனுப்பியாகிவிட்டது. காகிதம் டிரைவர் கையில் போயிற்று.

பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.

30 ஆகஸ்ட்

தட்டு வந்தது. உதிரி பாகத்தை வைத்தால் உட்காரவில்லை. நான்கு பேர் சுற்றி நின்று அமுக்கிப் பார்த்தார்கள். அளந்தால் இரண்டாவது துளை மூன்று மில்லி தள்ளி. காகிதத்தில் 142, தட்டில் 145.

காகிதம் சரி, தட்டு தப்பு. ஆகவே மெஷின்காரர் தப்பு. மேலாளர் போனில் சொன்னதும் பட்டறையில் பாட்கர் சார் கத்தினது எனக்கே கேட்டது.

பாவம் கிட்டு அண்ணன். எப்படி விட்டார்?

1 செப்டம்பர்

பட்டறைக்குப் போனேன். புதுத் தட்டை வேறு ஆள் வெட்டுகிறான், இம்முறை காகிதத்தைப் பார்த்துக் கையால் எண் கொடுத்து. கிட்டு அண்ணனை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூலையில் ஸ்டூல் போட்டு, மற்றவர்கள் வெட்டிப் போட்டதன் ஓரப் பிசிறுகளை அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படிண்ணா ஆச்சு?”

“கம்ப்யூட்டர்லேர்ந்து வந்த ஃபைல மெஷின்ல போட்டேன், அவ்ளோதான். மொதல் ஓட்டைய அளந்தேன், டீக், சரியா இருந்துச்சு. ரெண்டாவத அளக்க விடல மேடம், டெம்போ வாசல்ல நிக்குதுன்னு பாட்கர் சேட் கத்தறாரு.” அரத்தைக் கீழே வைத்தார். “ஒண்ணு சொல்றேன் பாருங்க. நான் தட்ட கோணலா வெச்சிருந்தா ரெண்டு ஓட்டையும்தான நகரணும்? ஒண்ணு மட்டும் எப்டி நகரும்? இத கேட்டா பேசாதன்றாரு.”

ஒன்று மட்டும் எப்படி நகரும்?

4 செப்டம்பர்

கிட்டு அண்ணன் இரண்டு நாளாக வரவில்லையாம். நேற்று வந்து சம்பளக் கணக்கை முடித்துக்கொண்டு வேலையை விட்டுப் போய்விட்டாராம். பாட்கர் சார் இதைச் சொல்லிவிட்டு, டீ குடிக்கிறாயா என்று கேட்டார்.

10 செப்டம்பர், வெள்ளி

கணபதி பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கிறது, தெருவில் டோல் மேளம் அடித்துப் பழகுகிறார்கள். தலைக்குள்ளும் அதே அடி. ஒன்று மட்டும் எப்படி நகரும், ஒன்று மட்டும் எப்படி நகரும்.

மதியம் யாரும் கேட்காமலே 17ஆம் தேதி அனுப்பிய கோப்பைத் திறந்தேன். காகிதமும் கோப்பும் ஒன்றுதானே என்று இதுவரை ஒருவரும் திறக்கவில்லை. இரண்டாவது துளையின் தூரத்தை அளக்கச் சொன்னேன்.

145.

மறுபடி அளந்தேன். 145.

என் கோப்பு. நான் அனுப்பியது.

11 செப்டம்பர்

ஆனால் எப்படி? பழையபடி ஆக்கினேனே! இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். பக்கத்தைப் புரட்டி நான்கு தடவை படித்தேன். ‘மதியம் புரோகிராம் தானாக மூடிக்கொண்டது, மறுபடி திறந்தேன்.’

இன்று சனிக்கிழமையும் கம்பெனிக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போனதும் அதே மாதிரி செய்து பார்த்தேன். காலையில் ஈ-என் ஆக்கிய புரோகிராமை மூடினேன். திறந்தேன். மூலையில் டி-ஈ. ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனி நினைவு. மூடித் திறந்தால் அது ஜெர்மனிக்குப் போய்விடுகிறது! ஒரு துளையை மூன்று மில்லி தள்ளினேன். கட்டையைப் பார்க்காமல் கன்ட்ரோலையும் இசட் இருந்த இடத்தையும் அழுத்தினேன், செய்ததைத் திரும்பப் பெற. துளை அசையவில்லை. விரல் அழுத்தியது ஒய். கன்ட்ரோலும் ஒய்யும் என்றால் ‘திரும்பப் பெற்றதை மறுபடி செய்’ என்று பொருள். செய்ய ஒன்றுமில்லை என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது. அந்த வரியை யார் பார்க்கிறார்கள்?

முழுத் தட்டும் திரையில் தெரியும்போது மூன்று மில்லி என்பது ஒரு நூல். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. பழையபடி இசட் தட்டிப் பெரிதாக்கும் ஆளாகவே இருந்திருந்தால், கட்டளை கிடையாது என்று அன்றே சொல்லியிருக்கும், பிடித்திருப்பேன். சக்கரம் பழகிவிட்டதே.

கண்டுபிடித்த கணத்தில் எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அட, இப்படியா என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம்தான் அந்த ஸ்டூலும் அரமும் ஞாபகம் வந்தன.

12 செப்டம்பர், ஞாயிறு

இவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சொல்லாம விட்டா யாருக்காவது தெரியுமா?” என்றார்.

“தெரியாதுங்க. கோப்பைத் திறந்து பாக்கறதுக்கு யாருக்கும் அவசியமே இல்ல. புதுத் தட்டு வந்தாச்சு.”

“அக்டோபர் வேலை?”

“போயிரும்.”

“வேலை கைக்கு வந்தப்புறம் சொல்லக் கூடாதா?”

நானும் ராத்திரியெல்லாம் அதையேதான் நினைச்சுட்டுக் கிடந்தேன். அவர் வாயால கேட்டதும்தான் எவ்வளவு அசிங்கம்னு தெரிஞ்சுது. அந்த மனுஷன் கெட்ட பேரோட வீட்ல உக்காந்திருக்கார், நான் ஜிலேபி சாப்பிட்டுட்டு பஸ்ல போய்ட்டு வரணுமா? ஒரு மாசம் கழிச்சுச் சொன்னா அது என்ன சொல்றது? வெக்கங்கெட்டதனம்.

இவர் “ஏரவாடாவுல அவர் வீடு எங்கன்னு தெரியுமா?” என்றார்.

13 செப்டம்பர்

கம்பெனியில் மேலாளரிடம் காட்டினேன். தட்டிக் காட்டினேன், துளை அசையாததைக் காட்டினேன். அவரே இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். “இன்ட்ரஸ்டிங்” என்றார். பிறகு, எழுதிக் கொடுங்கள் என்றார். தேஜஸ்வினி என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் ஏறும்போது ஓடி வந்து, “அக்கா, நீங்க பஹுத் பாகல், சரியான பைத்தியம்” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே பட்டறை. பாட்கர் சார் அறைக்குள் கூப்பிட்டார். நான் மெஷின் பக்கத்திலேயே நின்று, எல்லோர் முன்னாலும் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். தப்பு என்னுடையது, கிட்டு அண்ணன் மெஷினில் போட்டது நான் அனுப்பியதைத்தான். ஒருவன் மெஷினை நிறுத்தினான். பாட்கர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முடிந்து போன விஷயத்தை எதற்குக் கிளறுகிறாய்?” என்றார்.

19 செப்டம்பர், ஞாயிறு

ஏரவாடா. தெருவுக்குத் தெரு கணபதி பந்தல், இவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார். கிட்டு அண்ணன் வீட்டில் இருந்தார். அவர் மனைவி லலிதா பாயை விரித்தார்.

சொன்னேன். கடைசியில் அவர் கேட்டது, “எந்தக் கட்டை மேடம்?”

காகிதத்தில் கீபோர்டை வரைந்து காட்டினேன். இசட்டின் மேல் ஒரு விரலும் ஒய்யின் மேல் ஒரு விரலும் வைத்துப் பார்த்தார். “இவ்ளோ தூரத்துல இருக்கு ரெண்டும். இது எப்டி எடம் மாறும்?” மூலையில் இருக்கும் சின்னப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

லலிதாதான் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தார். “இந்த மனுஷன் பதினஞ்சு நாளா பேப்பர எடுத்துனு ஜன்னலாண்ட போயி, கிட்ட வெச்சும் எட்ட வெச்சும் படிச்சிப் படிச்சிப் பாக்கறாரு. கண்ணு பூடுச்சான்னு. எனக்கே தெரியாம ஆஸ்பத்திரிக்கிப் போயி செக் பண்ணிகினு வந்துருக்காரு.”

“சும்மா இரு” என்றார் அவர்.

என்னால் நிமிர முடியவில்லை.

“பட்டறைல சொன்னீங்களா?”

“சொன்னேன்ணா. எல்லார் முன்னாலயும்.”

“யார் யார் இருந்தாங்க?”

ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஒரு பெயர் விட்டுப் போயிற்று. அவன் இருந்தானா என்று கேட்டார். டீ வாங்கப் போயிருந்தான், திரும்பி வந்ததும் அவனிடமும் சொன்னேன் என்றேன்.

“திரும்ப வாங்கண்ணா. சார்கிட்ட நான் பேசறேன்.”

“இல்ல மேடம். தப்பு யார்துன்னு வேற விஷயம். பத்தொம்பது வருஷம். ஒரு வார்த்தை, கிட்டு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல சேட். போசரில ஒருத்தர் வரச் சொல்லியிருக்காரு. பாப்போம்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. லலிதா ஒரு மோதகத்தைக் கையில் வைத்தார்.

30 செப்டம்பர்

கம்பெனியிலிருந்து கடிதம். எழுதிக் கொடுத்ததற்கு நன்றி. வெளியாட்கள் உள்ளே உட்கார்ந்து வரையும் ஏற்பாடு இன்றோடு நிறுத்தப்படுகிறது. ஜெர்மனியிலிருந்து வந்த எல்லாக் கீபோர்டுகளையும் மாற்றப் போகிறார்கள் என்று தேஜஸ்வினி சொன்னாள்.

1 அக்டோபர்

காலையில் நடந்தே பட்டறைக்குப் போனேன். பதினைந்து நிமிடம்.

21 அக்டோபர்

ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சாமந்தி மாலை. புது மில்லிங்காரன் என் மவுஸுக்கும் ஒரு பூவும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனான். குங்குமம் பொத்தான் இடுக்கில் போய்விட்டது. பாட்கர் சார் அடுத்த மாதம் சக்கரம் வைத்த மவுஸ் வாங்குகிறாராம். எந்தப் பக்கம் உருட்டினால் பெரிதாகும் என்று கடையில் கேட்டு வாங்குங்கள் என்றேன். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் கோப்பை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு துளையையும் அளந்து, அந்த எண்களைப் புதிதாக அச்செடுத்துக் கூடவே வைக்கிறேன். நேரம் பிடிக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

16 பிப்ரவரி 2005, புதன்

மதியம் ஆபீஸ் போன் அடித்தது. பாட்கர் சார் எடுத்துக் கேட்டுவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் என்னிடம் நீட்டினார்.

போசரியிலிருந்து ஒரு பட்டறை முதலாளி. அவர்களிடம் டிராயிங் போட ஆள் இல்லை, வெளியில் கொடுத்து வாங்குகிறார்கள், நான்கு தட்டுகள் இருக்கின்றன, எங்கள் பட்டறை வழியாகவே செய்து தர முடியுமா என்று ஹிந்தியில் கேட்டார்.

எங்களை எப்படித் தெரியும் என்றேன்.

“எங்க மில்லிங் ஆள்தான் சொன்னார். வனஜா மேடம்கிட்டக் குடுங்க, தப்பு வந்தா அவங்களே வந்து சொல்லிடுவாங்கன்னு.”

பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. கிட்டு அண்ணன் அங்கே இருக்கிறாரா என்றேன்.

“வேலைல இருக்கார். கூப்பிடட்டுமா?”

“வேண்டாம். அளவு சொல்லுங்க” என்று பென்சிலை எடுத்தேன்.

முதல் தட்டு, நீளம் 640, அகலம் 310, ஆறு துளைகள்.